பத்து அரிசி

ஆலங்காயம் கடைத்தெருவில் நின்று தலையை நிமிர்த்தினால் சவ்வாது மலை தெரியும். அந்த மலையில், காவலூரிலே, வானத்தை ஆராயும் கூடம் ஒன்று இருக்கிறது. 2.3 மீட்டர் அகலமுள்ள கண்ணாடி பொருத்திய தொலைநோக்கி 1986 முதல் அங்கே இரவெல்லாம் விழித்திருந்து விண்மீன்களைப் பார்க்கிறது. எட்டாத தொலைவில் மின்னும் ஒளியை எண்ணி அளக்கும் அறிவு அங்கே! அதே மலையின் அடிவாரத்தில், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை வேளையில், அரிசியை எண்ணும் அதிசயம் ஒன்றை நாம் கண்டோம்.

படிப்பகத்தில் தோழர்கள் சிலரோடு அமர்ந்திருந்தோம். கல்லூரியில் படிக்கும் இளைஞர் ஒருவர் மூலையில் உட்கார்ந்து கைப்பேசியைத் தட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில், வாணியம்பாடித் தோல் தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்ந்த பெரியவர்.

"என்ன தம்பி, சினிமாவா?" என்று கேட்டார் பெரியவர்.

"இல்ல தாத்தா. இது ஒரு விளையாட்டு. ஒரு சொல்லைக் காட்டிப் பொருள் கேக்கும். நான் சரியாச் சொன்னா, பசியில இருக்கிறவங்களுக்குப் பத்து அரிசி போகும்."

"பத்து மூட்டையா?"

"இல்ல தாத்தா. பத்து அரிசி. பத்தே பத்து மணி."

படிப்பகம் சிரித்தது. பெரியவர் சிரிக்கவில்லை. தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். பத்து அரிசி அதில் எவ்வளவு இடத்தை அடைக்கும் என்று எண்ணினார் போலும்! "பத்து அரிசியை வச்சு எறும்புக்குத்தாம்ப்பா விருந்து வைக்கலாம்" என்றார்.

இளைஞருக்கு முகம் வாடியது. யார் சொன்னது சரி? இளைஞரின் ஆர்வமா, பெரியவரின் ஐயமா? அன்றிலிருந்து நம் நெஞ்சில் சுழலும் கேள்வி அது. இருவரும் சரி என்பதே நம் முடிவு. ஆனால் பெரியவரின் பக்கம் உள்ள உண்மை கொஞ்சம் பெரிது. அதை விளக்கவே இந்தக் கட்டுரை.

முதலில் அந்த விளையாட்டின் வரலாற்றைத் தெரிந்துகொள்வோம். அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்தைச் சேர்ந்த ஜான் பிரீன் என்ற கணினி வல்லுநர் 2007 அக்டோபரில் இதைத் தொடங்கினார். 'ஃபிரீரைஸ்', அதாவது இலவச அரிசி, என்று பெயர். கல்லூரி நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த தம் மகனுக்கு ஆங்கிலச் சொற்களைக் கற்றுக்கொடுக்கப் போய், அதையே பசி தீர்க்கும் வழியாகவும் ஆக்கினார். சொல் ஒன்று, விடை நான்கு. சரியான விடையைத் தட்டினால் அரிசி. தொடங்கிய முதல் நாளில் சேர்ந்தது 830 அரிசி. எடை போட்டால் இருபது கிராம் கூடத் தேறாது! ஆனால் கேள்விப்பட்டவர்கள் கூடினார்கள், பள்ளிகள் கூடின, நூறு ஆயிரமாயிற்று, ஆயிரம் கோடியாயிற்று. பங்களாதேசில் தஞ்சம் புகுந்திருந்த மியான்மர் அகதிகளின் தட்டில் அந்த அரிசி சோறாக விழுந்தது. 2009 மார்ச்சில் பிரீன் அந்த விளையாட்டை ஐக்கிய நாடுகளின் உலக உணவுத் திட்டத்துக்கே கொடுத்துவிட்டார். 1961இல் உருவாகி, ரோம் நகரைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் அமைப்பு அது. 2020இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற அமைப்பு.

விடை சொன்னால் அரிசி எங்கிருந்து வருகிறது? கைப்பேசிக்குள் களமா இருக்கிறது, குதிரா இருக்கிறது? இல்லை. விளையாட்டின் ஓரத்தில் விளம்பரம் தெரியும். சோப்பு விற்பவனும் செருப்பு விற்பவனும் அதற்குப் பணம் கட்டுகிறான். அந்தப் பணம் அரிசி விலையாகக் கணக்கிடப்பட்டு உணவுத் திட்டத்துக்குப் போகிறது. விளையாடுகிறவர் காசு கொடுப்பதில்லை. நேரத்தைக் கொடுக்கிறார், கண்ணைக் கொடுக்கிறார். கண் போகும் இடத்துக்கு விலை உண்டு என்பது இந்தக் காலத்து வாணிபம். அந்த வாணிபத்தின் கையிலிருந்து ஏழைக்குப் பத்து மணி அரிசியைப் பிடுங்கிக் கொடுத்தாரே, அந்த மனிதரை நாம் பாராட்டுகிறோம்.

கேலி செய்வது எளிது. ஆனால் சிறுகச் சேர்ப்பதைக் கேலி செய்யும் உரிமை நமக்கு உண்டா? நம் வீட்டுத் தாய்மார்கள் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடியை எடுத்துத் தனிப்பானையில் போட்டுவைத்தார்களே! இல்லாதவர் வீட்டுக்கும், ஊர்ப் பொதுக்காரியத்துக்கும் அந்தப் பிடியரிசிதானே போயிற்று? உண்டியல் குலுக்கி, நாலணாவும் எட்டணாவும் சேர்த்து, மாநாடு நடத்தியவர்கள் அல்லவா நாம்? அமெரிக்க மாணவன் அளிக்கும் பத்து அரிசி நம் பிடியரிசிக்குத் தம்பி. அவ்வளவுதான்.

ஆனாலும் தோழர்களே, கணக்கு என்று ஒன்று இருக்கிறது. கணக்குப் பார்க்காத கருணை காற்றில் கட்டிய கோட்டை.

ஒரு விடைக்கு இத்தனை அரிசி என்ற அளவு காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. பத்து என்றே வைத்துக்கொள்வோம். ஒரு கிராமுக்கு ஏறத்தாழ ஐம்பது அரிசி. ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு நானூறு கிராம் வேண்டும் என்றால், இருபதாயிரம் அரிசி. அதற்கு இரண்டாயிரம் சரியான விடை. விடைக்குப் பத்து விநாடி என்றாலும் ஐந்தரை மணி நேரம் இடைவிடாமல் தட்ட வேண்டும், அதுவும் ஒரு தவறு இல்லாமல்! நியாயவிலைக் கடையில் மாதம் இருபது கிலோ வாங்கும் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இருபது கிலோ என்பது பத்து லட்சம் அரிசி. ஒரு லட்சம் விடை! உண்ணாமல் உறங்காமல் பதினொரு நாளுக்கு மேல் தட்டினால் ஒரு வீட்டுக்கு ஒரு மாத அரிசி கிடைக்கும்.

பையோடு வரிசையில் நின்று, அரை மணி நேரத்தில் அந்தப் பத்து லட்சம் அரிசியைத் தோளில் தூக்கிக்கொண்டு நம் தாய் வீட்டுக்குப் போகிறாள். யாரும் அவளிடம் சொல்லுக்குப் பொருள் கேட்பதில்லை. அவள் யாருக்கும் நன்றி சொல்ல வேண்டியதும் இல்லை. எண்ணிப் பாருங்கள், எவ்வளவு பெரிய வேறுபாடு!

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இதே பிரீன் 1999இல் 'பசித்தளம்' என்று பொருள்படும் வேறொன்றை இணையத்தில் தொடங்கியிருந்தார். ஒரு பொத்தானை அழுத்தினால் ஒரு கிண்ணம் உணவுக்கு விளம்பரதாரர் பணம் தருவார். கோடிக்கணக்கானவர் அழுத்தினார்கள். பிறகு அது ஒரு நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. 2001இல், இணைய வாணிபம் சரிந்த காலத்தில், அந்த நிறுவனம் நொடித்தது. வேறொருவர் வாங்கி நடத்தும் நிலை வந்தது. பொத்தானை அழுத்த ஆள் இருந்தது. பசித்த வயிறும் இருந்தது. நடுவே சந்தை சரிந்தது, கிண்ணம் ஆடியது! விளம்பரத்தை நம்பிய சோறு விளம்பரம் உள்ள வரைதான். உலக உணவுத் திட்டமே கூட நாடுகளும் மக்களும் மனமுவந்து கொடுக்கும் நிதியில்தான் நடக்கிறது. கொடுக்கிறவர் கையைச் சுருக்கினால் முகாமில் இருப்பவரின் அளவு சுருங்குகிறது. இது அந்த அமைப்பின் குற்றம் அல்ல. ஈகையை நம்பி நிற்கும் எதற்கும் உள்ள நோய்.

உலகத்தில் தானியம் இல்லையா? 2024இல் உலகில் பசியால் வாடியவர்கள் ஏறத்தாழ 67 கோடியே 30 லட்சம் பேர் என்று ஐக்கிய நாடுகளின் அறிக்கை கூறுகிறது. அதே உலகம் ஆண்டுக்கு 280 கோடி டன்னுக்கு மேல் தானியம் விளைவிக்கிறது. எண்ணூறு கோடி மக்களுக்கும் பங்கு போட்டால் ஆளுக்கு நாள் ஒன்றுக்கு ஒரு கிலோவை நெருங்கும். அதில் கணிசமான பகுதி கால்நடைத் தீவனமாகிறது, எரிபொருளாகிறது. விளையாமல் பசி வரவில்லை. விளைந்தது வந்து சேராமல் பசி வருகிறது. வாங்கக் காசு இல்லாமல் பசி வருகிறது. போர் மறித்ததால் பசி வருகிறது.

இது நம் மண் ஏற்கெனவே படித்த பாடம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருடப் பஞ்சத்தை நம் பாட்டன்மார் மறக்கவில்லை. சேலமும் வட ஆர்க்காடும் சுடுகாடாயின. அப்போது வெள்ளை அரசு என்ன செய்தது? நிவாரண வேலை என்றது. கல் உடை, மண் சும, கால்வாய் வெட்டு என்றது. பக்கிங்காம் கால்வாயில் ஒரு பகுதி பஞ்சத்தில் அடிபட்டவர்களின் கையால் வெட்டப்பட்டதுதான். கடும் வேலை செய்த ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்று அளந்தவர் ரிச்சர்டு டெம்பிள். இது போதாது, ஆள் செத்துப்போவான் என்று வாதாடினார் மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ், ஆங்கிலேயராக இருந்தும்! கல் உடைக்கிறவனுக்கு ஒரு பவுண்டு அளந்த அதே நாட்களில் இந்தியத் துறைமுகங்களிலிருந்து தானியம் கப்பலேறிக்கொண்டிருந்தது. 1943இல் வங்காளத்தில் லட்சக்கணக்கானோர் மாண்டபோதும் அடிப்படைக் காரணம் தானியமே இல்லை என்பதல்ல; ஏழையின் கைக்கு எட்டாத விலைக்கு அது ஏறிவிட்டது என்பதுதான். இதை 1981இல் தம் நூலில் ஆராய்ந்து காட்டியவர் அமர்த்தியா சென்.

அன்று, கல்லை உடைத்தால் சோறு. இன்று, எங்கோ ஒருவர் சொல்லுக்குப் பொருள் சொன்னால் சோறு. முன்னது கொடுமை, பின்னது கருணை. இரண்டையும் ஒரு தட்டில் வைக்கமாட்டோம். ஆனால் இரண்டிலும் சோற்றுக்கு முன்னால் ஒரு நிபந்தனை நிற்கிறது.

இந்த இடத்தில்தான் தமிழ்நாடு உலகத்துக்குச் சொல்லவேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. விளையாட்டு சொல்லுகிறது: முதலில் விடை, பிறகு அரிசி. தமிழ்நாடு சொல்லிற்று: முதலில் சோறு, பிறகு விடை!

1920இல் நீதிக்கட்சித் தலைவர் தியாகராயர் சென்னை மாநகராட்சியின் தலைமையில் இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு நண்பகல் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானம் நிறைவேறிற்று. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேல் போகாத செலவு. பிறகு வேறு சில பள்ளிகளுக்கும் அது பரவியது. மாணவர் தொகை சில ஆண்டுகளில் ஏறத்தாழ இருமடங்காயிற்று. ஓரணா செய்த புரட்சி! கல்வி நிதியைச் சோற்றுக்குச் செலவிடக்கூடாது என்று வெள்ளை அரசு தடுத்ததால் 1925இல் அது நின்றது. வயிறு காய்ந்தவனுக்கு எழுத்து ஏறாது என்பது கல்வியில் சேராத செய்தியாம்!

நின்றுபோனது மீண்டும் எழுந்தது. மாடு மேய்த்த சிறுவனைப் பார்த்து, ஏன் பள்ளிக்குப் போகவில்லை என்று காமராசர் கேட்க, "போனால் சோறு போடுவாங்களா?" என்று அவன் திருப்பிக் கேட்டதாக ஒரு செய்தி நாட்டிலே வழங்குகிறது. அந்தச் சிறுவன் கேட்ட கேள்விக்கு விடையாக 1956இல் மதிய உணவு வந்தது. எம்.ஜி.ஆர். 1982இல் அதைச் சத்துணவாக விரித்தார். கலைஞர் 1989இல் அதில் முட்டையைச் சேர்த்தார். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்டில் 31,008 அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு, ஏறத்தாழ 17 லட்சம் பிள்ளைகளுக்கு, விரிந்தது. கட்சிகள் மாறின, ஆட்சிகள் மாறின; அடுப்பு அணையவில்லை. ஒருவர் ஏற்றிய அடுப்பை மற்றவர் அணைக்கத் துணியவில்லை. ஏன்? மக்கள் அதைப் பிச்சையாகக் கருதவில்லை. தங்கள் பங்காகக் கருதினார்கள்.

அரிசிக் கதையும் அப்படித்தான். 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி என்பது இலட்சியமாக வைக்கப்பட்டது. ஆட்சிக்கு வந்தபின் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி கொடுக்க முடிந்தது. அதற்கு மேல் விரிக்கப் பணம் இடம் கொடுக்கவில்லை. இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அன்று விழுந்த விதை செத்துப்போகவில்லை. 1997இல் மத்திய அரசு ஏழை என்றும் ஏழையல்லாதவர் என்றும் அட்டையைப் பிரித்தபோது, தமிழ்நாடு அந்தக் கோட்டைப் போட மறுத்து, எல்லோருக்கும் பொதுவான விநியோகத்தைக் காத்தது. 2008இல் கிலோ ஒரு ரூபாய்க்கு வந்தது. 2011 முதல் விலையே இல்லை. இதற்கிடையில், 2001 நவம்பரில் உச்சநீதிமன்றம், பள்ளிப் பிள்ளைகளுக்குச் சமைத்த உணவு கொடுத்தாக வேண்டும் என்று எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டது. 2013இல் உணவு உரிமை நாட்டின் சட்டமாயிற்று.

சரி, பெருமை பேசியாயிற்று. இதோடு எழுந்து போய்விடலாமா? மலையைப் பாருங்கள் தோழர்களே!

சவ்வாது மலையில் மலையாளிப் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். சாமையும் தினையும் விளைத்து, மழையை நம்பி, தலைமுறை தலைமுறையாகத் தங்கள் வயிற்றைத் தாங்களே காத்த மக்கள். நியாயவிலை அரிசி மலை ஏறியது, நல்லது. ஆனால் மலையின் சாமை கீழே இறங்கி, நகரத்துச் சர்க்கரை நோயாளியின் விலை உயர்ந்த உணவாயிற்று! விளைத்தவன் வீட்டுப் பிள்ளையின் தட்டில் அது குறைந்துகொண்டே வருகிறது. பசி தீர்ந்தால் மட்டும் போதாது. இரத்தம் ஊற வேண்டும், எலும்பு வளர வேண்டும். வெறும் அரிசி வயிற்றை நிரப்பும், உடலை நிரப்பாது. சாமைக்கு உழவனிடத்திலேயே நியாயமான விலை, பள்ளித் தட்டிலே சாமைக்கு ஓர் இடம். இது நாம் எழுப்ப வேண்டிய கோரிக்கை.

இன்னும் ஒன்று. உரிமை சட்டத்தில் இருந்தால் போதாது, கடை வாசலில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டுக் கடைகளில் 2020 அக்டோபர் முதல் கைரேகை வைத்துப் பொருள் வாங்கும் முறை வந்தது. திருட்டைத் தடுக்கும் என்றார்கள், தடுக்கட்டும். ஆனால் ஐம்பது ஆண்டு மண் வெட்டிய கையில் ரேகை எங்கே? தோல் பதனிட்ட கையில் ரேகை எங்கே? உழைப்பு அழித்த ரேகையை இயந்திரம் கேட்டால் உழைப்பாளி எங்கே போவான்? 2017இல் ஜார்க்கண்டில் ஒரு குடும்பத்தின் அட்டை ஆதாரோடு இணையவில்லை என்று நீக்கப்பட்டு, அந்த வீட்டுச் சிறுமி இறந்தாள். பட்டினியால் இறந்தாள் என்றாள் தாய். நோயால் என்றது அரசு. நாடே அதிர்ந்தது. அந்த ஆண்டு அக்டோபரில், கைரேகை விழவில்லை என்றோ ஆதார் இல்லை என்றோ யாருக்கும் தானியத்தை மறுக்கக்கூடாது என மத்திய உணவுத் துறை மாநிலங்களுக்கு எழுதிற்று. இது ஒவ்வொரு தோழரும் நினைவில் வைக்க வேண்டிய செய்தி.

நம் வேலை இங்கேதான் இருக்கிறது. உங்கள் தெருவில் புதிதாகப் பிறந்த பிள்ளையின் பெயர் அட்டையில் ஏறியிருக்கிறதா? மணமாகி வந்த பெண்ணின் பெயர்? ரேகை விழாத பாட்டி வெறும் பையோடு திரும்பினாளா? திரும்பினால் அவள் கையைப் பிடித்துக் கூட நடந்து கடைக்குப் போங்கள். மாற்று வழியைக் கேளுங்கள். கிடைக்கவில்லையா? உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்டந்தோறும் குறைதீர்க்கும் அலுவலர் உண்டு, மாநிலத்துக்கு உணவு ஆணையம் உண்டு. உரிய தானியம் தரப்படாவிட்டால் அதற்கு ஈடாக உதவித்தொகை கேட்கவும் சட்டத்தில் வழி உண்டு. எழுதிக் கொடுங்கள், எழுதத் தெரியாதவருக்காக எழுதிக் கொடுங்கள். மலைப் பள்ளியில் காலை அடுப்பு எரிகிறதா என்று ஒரு காலை ஏறிப்போய்ப் பாருங்கள். பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரு வாய் உண்டு பாருங்கள். உப்பு குறைந்தால் சொல்லுங்கள். நன்றாக இருந்தால் சமைத்த சகோதரியைப் பாராட்டுங்கள்.

ஆகவே அந்த விளையாட்டை விளையாடாதே என்கிறோமா? இல்லை, விளையாடட்டும். தெருவோரம் வெட்டியாகக் கழியும் நேரம், ஒரு சொல்லைக் கற்றுக்கொடுத்து, எங்கோ முகாமில் வாடும் குழந்தைக்குப் பத்து அரிசியும் சேர்க்குமென்றால் அது நல்ல நேரம்தான். சூடானிலும் காசாவிலும் போர் வயிற்றில் அடிக்கும்போது நமக்கென்ன என்று இருக்கும் இனம் அல்ல நாம். ஆனால் தட்டிவிட்டோம், கடமை முடிந்தது என்று நெஞ்சு நிமிர்த்தாதே தம்பி, அதுதான் நாம் சொல்வது. விளையாட்டில் பசித்தவன் எங்கும் இல்லை. அவன் பேசுவதில்லை, கேட்பதில்லை, அவனுக்கு எவ்வளவு வேண்டும் என்று சொல்வதில்லை. அவனுக்காக வேறொருவர் விடை சொல்கிறார். நியாயவிலைக் கடை வாசலில் அவனே நிற்கிறான். குறைந்தால் குரல் எழுப்புகிறான். தேர்தலில் வாக்கால் விடை சொல்கிறான்!

அன்று மாலை படிப்பகத்தை விட்டு எழும்போது இளைஞர் பெரியவரிடம் மெல்லக் கேட்டார்: "அப்ப நான் செய்யிறது வீணா தாத்தா?"

"வீணுன்னு யாருப்பா சொன்னா? பத்து அரிசி பத்து அரிசிதான். அதை விடாத" என்றார் பெரியவர். "நாளைக்குக் காலையில ஒரு மணி நேரம் எனக்குக் கொடு. எங்க தெருவுல ஒரு கிழவிக்கு ரெண்டு மாசமா ரேகை விழல. நீ படிச்சவன். கூட வந்து ஒரு மனு எழுதிக் கொடு."

மறுநாள் இளைஞர் போனார், மனுவை எழுதினார். அந்த வாரமே கிழவியின் வீட்டுக்கு அரிசி வந்தது. எத்தனை லட்சம் மணி என்று யாரும் எண்ணவில்லை. அவள் உலை வைத்தாள்.